டீப் ஹவுஸுக்கு எத்தனை மீட்டர் வயர்?

இயேசு மரி சூசை துணை

தேவகோட்டை,
11.6.1997

சிங்கப்பூரில் மற்றவர்களை ஆடவைத்துப் பிழைக்கும் அன்பு மகன் மரிய ஜெரால்டுக்கு, சித்தப்பா சூசைமரியான் ஆசீர் கூறி எழுதுவது. இங்கு நானும் உன் சித்தி செபஸ்தியம்மாளும், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ விட்டுச் சென்ற இரண்டு இசைத்தட்டு இயந்திரங்களும், அவற்றின் நடுவே வைக்கும் மிக்ஸர் என்ற குமிழ்ப் பெட்டியும் சுகம். உன் சுகத்துக்கும், லீவு தராத உன் முதலாளியின் மனமாற்றத்துக்கும் தினமும் ஜெபமாலையில் பத்து மணிகளை ஒதுக்கியிருக்கிறோம். எங்கள் மகள், உன் தங்கை ரீனாவின் கல்யாண வரவேற்பு சென்ற சனிக்கிழமை மாலை காரைக்குடி மண்டபத்தில் நல்லபடியாக முடிந்தது. இசை நான்தான்.

முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவருக்கு இந்த வேலை எதற்கு என்று நீ கேட்கலாம். முழு விஷயம் உனக்குத் தெரியாது. நிச்சயதார்த்தத்தன்று ரேடியோ செட் சோணைமுத்து ஒரு கேசட்டை எடுத்துவிட்டு மறு கேசட்டைப் போட்ட இடைவெளியில் மண்டபமே கப்பென்று அமைதியாயிற்று. அதுவரை பாட்டுக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டிருந்த உன் சித்தியின் குரல் மட்டும் நிற்கவில்லை. "மாப்பிள்ளையோட அத்தை கட்டியிருக்கது சேலையா, சன்னல் திரையா?" என்று அது கடைசி நாற்காலி வரை போய்ச் சேர்ந்தது. அந்த அத்தை மிக்கேலம்மாள்தான், தாயில்லாத மாப்பிள்ளை ஆரோக்கிய பிரபுவை எடுத்து வளர்த்தவர். எழுந்து நின்றார். "கல்யாணத்துக்கு வருவேன். ஆனா ஒங்க பந்தியில கை நனைக்க மாட்டேன்" என்றார். கை நனைக்காத அத்தையோடு ஒரே வீட்டில் நம் பிள்ளை எப்படிக் காலம் தள்ளும்? ரீனா மூன்று நாள் அழுதாள். உன் சித்தியின் வாயை மூட என்னால் இதுவரை முடிந்ததில்லை. ஆனால் இடைவெளியை மூடலாம் என்று உன் கடிதத்தைப் படித்ததும் பளிச்சென்று தோன்றியது. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டை அதன்மேல் ஏற்றி, தையல் தெரியாமல் சேர்ப்பதுதான் உன் தொழில் என்று எழுதியிருந்தாய் அல்லவா?

உன் ஆறு பக்கக் குறிப்பைப் பாடப் புத்தகமாக வைத்து ஒரு மாதம் படித்தேன். புதிதாக ஒன்று தெரிந்துவிட்டால் அதைப் பிறருக்கு விளக்கும் வியாதி எனக்கு உண்டு, பொறுத்துக்கொள். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு இரண்டு பஸ்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன என்று வைத்துக்கொள். ஓடும்போதே ஒன்றிலிருந்து மற்றதற்குப் பயணிகள் காலை மாற்றி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் கைக்குழந்தைக்காரி கூட மாறிவிடுவாள். ஒன்று நிமிடத்துக்கு 118 தாளத்தட்டு, மற்றது 122 என்றால் எல்லாரும் ரோட்டில் கிடப்பார்கள். ஆகவே புதிய பஸ்ஸை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, வேகத் தண்டை நகர்த்தி முதலில் சரிக்கட்ட வேண்டும். அடுத்து, இரண்டு பாட்டின் அடித்தொண்டைச் சத்தமும் ஒரே சமயத்தில் எழும்பக் கூடாது. ஒரே அடுப்படியில் இரண்டு மாமியார் என்றால் உனக்கே விளங்கும். எல்லாவற்றுக்கும் மேலே எட்டு நான்கு முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு தட்டு முடிந்த பிறகே மாற்றம். வாய்ப்பாடு தெரிந்தவர்கள் பாக்கியவான்கள்!

உன் சித்திதான் பாவம். முதல் வாரம் அந்தத் தும் தும் சத்தத்தைக் கேட்டு ஐந்து தடவை போய் வாசல் கதவைத் திறந்தாள். "யாரையும் காணோமுங்க. ஆனா தட்டிக்கிட்டே இருக்காக" என்றாள். இரண்டாம் வாரம், "இந்தப் பாட்டு எம்புட்டு நேரமா வாசல்லயே நிக்குது? உள்ள வருமா, வராதா? பாடுற ஆளு எப்ப வருவாரு?" என்று கேட்டாள். "இதுல ஆளு அதிகம் வரமாட்டாரு" என்றேன். "அவரு வீட்டுலயும் சண்டை போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் வாரம் அவள் வெங்காயம் நறுக்கும்போது கடிகாரம் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குச் சரியாக 120 வெட்டு!

சோணைமுத்து வந்து, "என்ன பாட்டு சார் போடப் போறீக?" என்று கேட்டான். டீப் ஹவுஸ் என்றேன். அதோடு விடாமல், ஆழமான வீடு என்று அர்த்தமும் சொல்லித் தொலைத்தேன். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகளுக்கு வயர் இழுத்தே வளர்ந்தவன் அவன். "ஆழ வீடுன்னா நூறு மீட்டர் வயரு வேணுமே சார். ஆத்தங்குடியில ஒரு வீட்டுக்கு அம்புட்டும் பத்தாமப் போச்சு" என்று பயந்துவிட்டான். "வீடெல்லாம் இல்லப்பா, அது பாட்டோட பேரு" என்று தேற்றினேன். "அப்பச் சின்னச் சுருளே போதும்" என்று நிம்மதியாகக் கிளம்பினான். அவசரத்துக்கு என்று நீ பதிவு செய்து அனுப்பிய கேசட்டையும் அவனிடம் கொடுத்து, "இது தேவைப்படாது, சும்மா வச்சுக்க" என்றேன்.

சனிக்கிழமை மேடையின் ஓரத்தில் நின்று ஆரம்பித்தேன். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டு என்று நீ எழுதியிருந்தாய். ஓரவஞ்சனை நமக்கு ஆகாது என்பதால் இரண்டு காதிலும் மாட்டினேன். என்ன சொல்வேன் ஜெரால்டு, முதல் மாற்றமே வெண்ணெயில் கத்தி! சனம் தலையாட்டுகிறது, சாம்பார் வாளிக்காரர் தாளத்துக்கு ஊற்றுகிறார், பணி ஓய்வு பெற்ற இரண்டு தலைமையாசிரியர்கள் கை கோத்து ஆடுகிறார்கள். அவர்கள் ஆட்டம் என் தாளத்துக்கு அரைத் தட்டு தள்ளியே இருந்தது. ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தானே போகும் என்று ஏழாம் வகுப்பு அறிவியலை நினைத்து விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் இரண்டு பாட்டின் தட்டும் முட்டிக்கொண்டு ஆற்றுப்பாலத்தில் மாட்டுவண்டி போனது போல ஆகிவிட்டது. ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. நம் ஊர்ச் சனத்தின் பெருந்தன்மையே பெருந்தன்மை. தூரத்தில் சமையல்கட்டுப் பக்கம் சோணைமுத்து வயரைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டி என்னைப் பாராட்டிக்கொண்டே இருந்தான். நானும் கையை ஆட்டினேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். திடீரென்று சாம்பார் வாளி அந்தரத்தில் நின்றது. என் காதில் பாட்டு ஓடுகிறது, மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. ஹெட்போனைக் கழற்றினால் மயான அமைதி. கரண்டும் போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. பந்தியில் ஒரே ஒரு குரல், பாட்டுக்கு மேலே கத்திப் பழகிய வேகத்தில் வந்தது. மிக்கேலம்மாள்! "ஏ ஜெசி, அந்தக் கவுனியரிசி இன்னும் ரெண்டு கரண்டி வாங்குடி! ஒனக்குன்னு சொல்லி வாங்கு! நான் திங்கிறேன்னு தெரிஞ்சா என் சபதம் என்னத்துக்கு ஆகுறது?"

ஜெசி அவருடைய மகள். கவுனியரிசி இனிப்புப் பாத்திரத்தோடு நேர் எதிரே நின்றது உன் சித்தி. மணமேடையில் ரீனா கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி குனிந்து, "ஜெசிக்குத்தான மதினி, இந்தா வைக்கிறேன்" என்று மிக்கேலம்மாள் இலையில் மூன்று கரண்டி வைத்தாள். அவர் சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்குக் கட்டியிருக்க சேலை எப்புடி இருக்கு? அதையும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிருங்க" என்றார். "சன்னலுக்குக் குடுக்க மனசு வராது மதினி!" என்றாள் சித்தி. மிக்கேலம்மாள் சிரித்தார் பார், கவுனியரிசி புரையேறியது. மண்டபமே சிரித்தது. ரீனா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பதறிப்போய் நான்கு குமிழ்களை ஒரே சமயத்தில் திருகினேன், பாட்டு மறுபடி எழும்பியது. என் முழங்கை ஏதோ ஒரு குமிழில் பட்டிருக்க வேண்டும். கைதேர்ந்தவன் செய்யும் தவறுக்குக் கூட ஒரு நேரம் காலம் தெரிகிறது!

ஆகஸ்டில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள், ஒப்புக்கொண்டேன். புதிய இசைத்தட்டுகள் நான்கும், உன்னுடையது போல ஒரு கறுப்புக் கண்ணாடியும் அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. தேவமாதா உன் இரண்டு கைகளையும் ஒரே வேகத்தில் நடத்துவாளாக.

அன்புச் சித்தப்பா,
சூசைமரியான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் சமயத்தில் சோணைமுத்து உன் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "நல்லா ஓடுச்சு சார்" என்றான். எது ஓடியது என்று கேட்டேன். "மேடைக்கு வயரு எட்டல சார். எத்தனை தடவ தூக்கிக் காட்டுனேன், நீங்க டாட்டா காட்டிக்கிட்டே இருந்தீக. அதான் இதையவே போட்டுட்டேன். ஒரு பக்கம் முடிஞ்சு திருப்பிப் போடத்தான் செத்த நேரமாச்சு, கோவிச்சுக்காதீக." ஆக, ஒன்றரை மணி நேரம் நான் வாசித்ததை இந்த உலகத்தில் கேட்டது நான் ஒருவன். நம் பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றியதோ, மூடுவதற்காக நான் ஒரு மாதம் படித்த அந்த இடைவெளி. சித்தியிடம் மூச்சு விடவில்லை, நீயும் விடாதே. கறுப்புக் கண்ணாடி வேண்டாம். ஆகஸ்டுக்குள் ஐம்பது மீட்டர் வயர் அனுப்பு.