ரைட்டண்ணன் வீட்டு சென்சார் லைட்

திருவண்ணாமலையில் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ரைட்டண்ணன்தான். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்போம். அவர் தண்ணீர் கேனைத் திறந்து பால் வாசனை வருகிறதா என்று பார்ப்பார்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். பேச்சை முடித்தாலும், சாப்பிட்டு எழுந்தாலும், கேட்டைச் சாத்தினாலும் "ரைட்!" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

ஒரு பௌர்ணமியன்று தெருவே கிரிவலம் போய்த் திரும்பியபோது எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் காணோம். நல்ல கோடை. குடம் தூக்கித் தூக்கி என் மனைவி விமலாவுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. எங்களைவிட அதிகமாகக் கொதித்தவர் ரைட்டண்ணன்.

"நாம சாமியச் சுத்துற நேரம் பாத்து, அவன் நம்ம தெருவச் சுத்தினு போயிருக்கான் தம்பி!"

மறுநாளே டவுனுக்குப் போய் ஒரு சென்சார் லைட் வாங்கி வந்தார். யாராவது நடமாடினால் தானாக எரியும் விளக்கு. மெயினை அணைத்தார். அணைத்த மெயினையும் சந்தேகப்பட்டு, ஒயரை டெஸ்டரால் குத்திப் பார்த்தார். பிறகுதான் ஏணியில் ஏறினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில், நாங்கள் வாங்கி வைத்த புது மோட்டாரைப் பார்த்தபடி, தன் சுவரில் அதை மாட்டினார்.

அன்று மாலையே விளக்கு வேலையைத் தொடங்கியது. நாய் வந்தது, எரிந்தது. மாடு வந்தது, எரிந்தது. பப்பாளி இலை அசைந்தது, அதற்கும் எரிந்தது. ஒவ்வொரு தடவையும் ரைட்டண்ணன் தடியோடு ஓடி வந்தார்.

"அண்ணே, இது திருடனப் பிடிக்காது. உங்களத்தான் தூங்க வுடாது" என்றேன்.

"லைட்டு மேல தப்பில்ல தம்பி. ஜாஸ்தி வெச்சுட்டேன். கம்மி பண்ணணும்."

எவ்வளவு அசைந்தால் எரிய வேண்டும் என்று வைக்கிற, அடியில் இருந்த திருகைக் குறைத்தார். மோட்டாரைத் தாண்டி ரோடு வரைக்கும் பார்த்திருந்த விளக்கின் முகத்தைத் தரைப் பக்கம் திருப்பினார். பப்பாளி இலையையும் வெட்டினார். அடுத்து சோதனை. அதற்குத் திருடன் வேண்டுமே! தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே தவழ்ந்து வந்தார். அண்ணி படியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"எரியுதுங்க! நல்லாவே தெரியிறீங்க!"

எந்தப் பக்கமிருந்து தவழ்ந்தாலும் பிடிபட்டார். பிடிபட்டதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட திருடனை நான் பார்த்ததில்லை.

அடுத்த பௌர்ணமி வந்தது. தெரு காலியானது. குதிகால் வலியால் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். ரைட்டண்ணனும் போகவில்லை. "டூட்டியில இருக்கேன்னு சாமிக்குத் தெரியும்" என்றார்.

மேகம் மூடி இருட்டிய நேரம். பட்டென்று விளக்கு எரிந்தது. உள்ளே கண்ணயர்ந்திருந்த ரைட்டண்ணனிடமிருந்து, இத்தனை வருஷத்துப் பழக்கத்தில், ஒரு குரல் எழும்பியது.

"யாருப்பா அங்க? டிக்கெட் எடுத்தாச்சா?"

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒருவன் ஸ்பேனரோடு என் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் கண் கூசி நின்றான்.

"இல்லண்ணே... இன்னும் எடுக்கலண்ணே" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்குச் சுயநினைவு வந்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு கேட்டை நோக்கி ஓடினான். அதற்குள் ரைட்டண்ணன் கேட்டில் கையை விரித்து நின்றுவிட்டார்.

"படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ!"

அந்த அதட்டலுக்கு எத்தனை ஊர் ஜனம் பணிந்திருக்கும்! அவனும் பணிந்து, திறந்து கிடந்த ரைட்டண்ணன் வீட்டுக்குள்ளேயே போனான். நான் நொண்டிக்கொண்டே ஓடி அந்தக் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. அவன் பதுக்கி வைத்திருந்த எங்கள் பழைய மோட்டாரும் கிடைத்தது.

நெற்றி நிறைய விபூதியோடு திரும்பிய தெரு, ரைட்டண்ணனைத் தோளில் தூக்காத குறைதான். ஆளாளுக்கு அதே விளக்கு கேட்டார்கள். எல்லா வீட்டுக்கும் அவரே ஏணியில் ஏறினார். இப்போது ஒரு பூனை குறுக்கே நடந்தாலும் எங்கள் தெரு கல்யாண வீடு மாதிரி எரிகிறது.

அந்த வாரம் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை நீட்டினாள் விமலா.

"பேரு?" என்றார் குருக்கள்.

"ரைட்டண்ணன்."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"அதெல்லாம் தெரியாதுங்க சாமி. எங்க வீட்டு மனுசர்."