ஹெர்மன் துரையின் இரண்டு கொத்து அரிசி

சோமசேகரத்தின் வீட்டில் இருந்தது இரண்டு பேர். வந்தது மூன்று அரிசிக் கூப்பன் புத்தகம்.

"இஞ்சேருங்கோ, எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில இன்னொரு ஆள் இருக்கிறாரோ?" என்று கேட்டபடி குணேஸ்வரி மூன்றாவது புத்தகத்தைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஊர் அதிகாரியான விதானையாரின் வீட்டு வாசலில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று வாங்கி வந்தவள். கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

சோமசேகரம் பெயரை வாசித்தார். வாயில் இருந்த தேத்தண்ணி புரைக்கேறியது.

"ஹெர்மனோ? ஐயோ, இவன் செத்தவன் எல்லோ!"

"ஆர் செத்தது?"

"இன்னும் சாகேல்லை. சாகப்போறவன். என்ட நாவலில."

அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு. முந்திய வருஷம் யப்பான்காரன் குண்டு போட்டபிறகு திருகோணமலையில் மனிதர் குறைந்து கப்பல்கள் கூடியிருந்தன. சோமசேகரம் பகலில் துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில் கிளாக்கர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் மர்ம நாவலாசிரியர். வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் தனியே வாழும் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுதவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. வெளிநாட்டுக்குப் போக இவருக்கு வழியில்லை. ஆகவே எழுத்தாளரை இங்கே கூப்பிட்டுக்கொண்டார். மூதூர்ப் பக்கத்துக் கிராமம் நமக்கு வேண்டுமானால் ஊராக இருக்கலாம். ஜெர்மன்காரன் ஹெர்மனுக்கு அது வெளிநாடுதானே. பெயரைக்கூட வெகுதூரம் தேடவில்லை. பண்டகசாலை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஜெர்மன் தராசில் பொறித்திருந்த பெயர் அது.

அந்த ஹெர்மன் துரை கூப்பன் புத்தகத்துக்குள் ஏறிய வழி இப்படி. வீட்டில் உள்ளவர்களின் விபரம் கேட்டு விதானையார் படிவம் அனுப்பியிருந்தார். முதல் படிவத்தில் தன் பெயரையும் மனைவி பெயரையும் எழுதியபோது மை கொட்டிவிட்டது. சோமசேகரம் இன்னொன்று வாங்கி முத்து முத்தாக எழுதினார். மை கொட்டியதை எறிய மனம் வரவில்லை. யுத்த காலத்தில் கடதாசி கிடைப்பதென்ன லேசா? மூன்றாவது வரிசை வெறுமனே இருந்தது. நாவலில் மறந்துபோகாமல் இருக்க அதில் குறித்துக்கொண்டார்: ஹெர்மன், வயது ஐம்பத்திரண்டு, ஜெர்மன், எழுத்தாளர், மேல்மாடி அறை. விதானையாரின் ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தியபோது குணேஸ்வரி கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தாள்.

"அவ்வளவுதானே? நாவலைக் கொண்டுபோய்க் காட்டி, இது கதையில வாற ஆள் எண்டு சொல்லுங்கோவன்."

"காட்டலாம். தாளை மறுபக்கம் பிரட்டினால்?"

குணேஸ்வரி ஒரு தாளைப் பிரட்டிப் பார்த்தாள். ஒன்பது மாத உழைப்பு, இருநூற்று நாற்பது தாள். அத்தனையும் பண்டகசாலைப் படிவங்களின் பின்பக்கம். நாவலைக் காட்டினால் ஹெர்மன் இல்லை என்பது நிரூபணமாகும். கூடவே சோமசேகரம் அரசாங்கக் கடதாசி திருடியவர் என்பதும் நிரூபணமாகும். அந்த நாளில் அதற்கு வேலையும் போகும், சிறை மறியலும் கிடைக்கும்.

"அப்ப பேசாமல் இருங்கோ. கிழமைக்கு இரண்டு கொத்து அரிசி கூட வந்தால் கசக்குதோ?"

கசக்கவில்லை. ஆனால் சோமசேகரம் இல்லாத பாம்புக்கும் பயந்து விளக்கோடு நடக்கிற மனிதர். புத்தகத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு விதானையாரிடம் போனார்.

விதானையார் சிவகுருநாதன் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் கூப்பன் கடை முஹம்மது தம்பி ஏதோ கையெழுத்துக்காகக் காத்து நின்றான்.

"விதானையார், லிஸ்டில ஒரு சின்னப் பிழை..."

"பிழையோ?" விதானையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, என்ட லிஸ்டில பிழை எண்ட கதையே கிடையாது. பிழை எண்டு ஒரு பேருக்கு எழுதினால், அரசாங்கக் கச்சேரியில இருந்து வந்து முழு லிஸ்டையும் கிண்டுவாங்கள். போன மாதம் ஒருத்தன் செத்த மாமியாரை லிஸ்டில உயிரோட வைச்சிருந்து ஆறு மாதம் உள்ளுக்குப் போனவன். தெரியும்தானே?"

சோமசேகரத்துக்குத் தெரியாது. தெரிந்ததும் புத்தகத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். விதானையார் கொடுக்கவில்லை.

"ஆள் வந்தார் எண்டு எழுதலாம், போனார் எண்டு எழுதலாம். இல்லவே இல்லை எண்டு எழுத ஏலாது. இப்ப சொல்லுங்கோ, இந்தத் துரை இருக்கிறாரோ, போட்டாரோ?"

"போ... போட்டார்."

"எங்க?"

வாசலில் ஒரு வண்டி நெல் மூட்டையோடு நின்றது. "தோப்பூருக்கு" என்றார் சோமசேகரம்.

"அப்ப அங்க போய்ச் சேர்ந்தவர் எண்டு தோப்பூர் விதானையிட்ட ஒரு கடிதம் எடுத்து வாங்கோ. அதுவரைக்கும் புத்தகம் என்ட மேசை லாச்சியில இருக்கட்டும்" என்று விதானையார் அதை உள்ளே போட்டுப் பூட்டினார்.

மறுநாள் லீவு போட்டு, மூதூருக்கு லோஞ்சுப் படகு ஏறி, அங்கிருந்து மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கித் தோப்பூர் போய்ச் சேர்ந்தார். அங்கே நெல் வியாபாரி ஆதம்பாவா இருந்தார். உலகத்திலேயே அந்த நாவலை வாசித்த ஒரே ஆள். ஒவ்வொரு அத்தியாயமும் முடிய முடிய வாங்கி வாசித்துவிட்டு, "ஹெர்மனைக் கொன்றவன் ஆரு?" என்று கேட்பார். சோமசேகரம் மர்மமாகச் சிரிப்பார். அவருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

விஷயத்தைக் கேட்ட ஆதம்பாவா துள்ளி எழும்பினார். "இதுக்கா கிளாக்கர் இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்கட விதானை எனக்கு நல்ல பழக்கம். நீங்க இருந்து சாப்பிடுங்க. நான் போய்க் கடிதத்தோட வாறன்."

சோமசேகரம் மீன்கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்டார். ஆதம்பாவா கொண்டுவந்த கடிதத்தைக் கை கழுவாமலே வாசித்தார்.

'மேற்படி ஹெர்மன் துரை இவ்வூருக்கு வந்து இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டு, கடற்கரை ஓரமாக ஈச்சிலம்பற்றுப் பக்கம் நடந்து போய்விட்டார்.'

"கண்ணாடி என்னத்துக்கு, ஆதம்பாவா காக்கா? கொப்பி என்னத்துக்கு?"

"நீங்கதானே நாலாம் அத்தியாயத்தில எழுதியிருக்கீங்க!" ஆதம்பாவாவுக்கு மனம் நொந்துபோனது. "கண்ணாடி போட்டுப் பறவை பாப்பார், கண்டதைக் கொப்பியில எழுதுவார் எண்டு. நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லல்ல."

வாசகர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! ஆனால் அந்த நேரத்தில் சோமசேகரத்துக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றவில்லை, கழுத்தைப் பிடிக்கத்தான் தோன்றியது.

கடிதம் கொடுத்து நாலாம் நாள் காலையில் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோப்பூர் விதானை கெட்டிக்காரன். கடிதத்தின் நகலைப் பொலிசுக்கும் அனுப்பியிருந்தான். ஜெர்மன்காரன், தூரதிருஷ்டிக் கண்ணாடி, கொப்பி, கடற்கரை. துறைமுகம் நிறைய யுத்தக் கப்பல்.

"எதிரி நாட்டு ஒற்றனுக்கு நீர் வீட்டில் இடம் கொடுத்திருக்கிறீர்" என்றார் இன்ஸ்பெக்டர். "அவனுடைய அறையைக் காட்டும்."

சோமசேகரம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். குணேஸ்வரிதான் முன்னால் வந்தாள். ஜீப்பின் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டபோதே இருநூற்று நாற்பது தாளையும் அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருந்தாள். கூப்பன் காலத்தில் பானையில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

"மேல்மாடி அறை என்று படிவத்தில் இருக்கிறதே? மாடி எங்கே?"

அந்த வீட்டுக்கு மேலே இருந்தது கிடுகுக் கூரை மட்டும். குணேஸ்வரி குசினிக்கு மேலே சட்டி பானை ஏற்றிவைக்கும் பரணைக் காட்டினாள்.

"இதிலா? ஒரு வெள்ளைக்காரன் இதில் எப்படிப் படுத்தான்?"

"மடங்கித்தான், ஐயா."

இன்ஸ்பெக்டர் பரணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சோமசேகரத்தின் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை ஆள் என் முன்னால் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அவன் இருக்கவேண்டிய இடத்தில் நீர் இருப்பீர்."

அவர் போனதும் குணேஸ்வரி அழுதாள். அரிசிப் பானையைப் பார்த்து, "இதை அடுப்பில வைச்சு விடுவம்" என்றாள். சோமசேகரம் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றார். பிள்ளை இல்லாத வீடு அது. அந்தத் தாள்கள்தான் அவருக்குப் பிள்ளை. எரிக்க எப்படி மனம் வரும்? மறியலுக்குப் போனாலும் போவேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு விதானையாரிடம் ஓடினார்.

விதானையார் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தம்பி, லிஸ்டில ஒரு பேரை ஒரு கேள்வியும் இல்லாமல் வெட்டுறதுக்கு ஒரே ஒரு வழிதான். ஆள் சாகவேணும்."

"எப்பிடிச் சாகிறது?"

"அது உங்கட பாடு. நீங்கள் கதை எழுதிறனீங்கள் எண்டு கேள்விப்பட்டனான்."

சோமசேகரம் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார். ஹெர்மன் எப்படிச் செத்தான் என்பது தெரியாமல்தான் நாவல் ஒன்பது மாதமாக முடிவில்லாமல் கிடந்தது. மறியல் வாசலைப் பார்த்தபிறகு அது பதினைந்து நிமிஷத்தில் வந்தது. ஈச்சிலம்பற்றுக்கு அப்பால் வெருகல் ஆறு. கரையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஹெர்மன் இறங்குகிறான். தண்ணீரில் ஒரு மரக்கட்டை மிதக்கிறது. மரக்கட்டை கண்ணைத் திறக்கிறது. அதையே வாக்குமூலமாகவும் எழுதி முடித்தபோது சோமசேகரத்தின் கண் கலங்கியிருந்தது. ஒன்பது மாதம் கூடவே இருந்த மனிதன் அல்லவா!

திங்கட்கிழமை சோமசேகரம் வாக்குமூலத்தோடு இன்ஸ்பெக்டரிடம் போனபோது, சொல்லி அனுப்பியபடி ஆதம்பாவாவும் சாட்சிக்கு வந்தார். ஒரு சோடிப் பழைய சப்பாத்தும் கடிபட்ட தொப்பி ஒன்றும் கொண்டுவந்தார். தொப்பியைக் கடித்தது அவர் வீட்டு ஆடு.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை வாசித்தார். ஆறு பக்கம். இரண்டாம் பக்கத்தில் சுருட்டு அணைந்தது, அவர் கவனிக்கவில்லை. நாலாம் பக்கத்தில், "அடடா, அந்தப் பக்கம் இறங்காதே!" என்று வாய்விட்டுச் சொன்னார். முடிந்ததும் அணைந்த சுருட்டை மறுபடி பற்றவைத்தார்.

"நீங்கள் கண்ணால் கண்டீர்களா?" என்று ஆதம்பாவாவைக் கேட்டார்.

"கண்டன் ஐயா. மௌத்தாகிற நேரத்திலயும் கொப்பியை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தார். எழுத்தாளர்தானே."

அது வாக்குமூலத்தில் இல்லாத வரி. சோமசேகரத்துக்கு அந்த நிலையிலும் பொறாமை வந்தது.

இன்ஸ்பெக்டர் 'எதிரி முதலை வாய்ப்பட்டான்' என்று எழுதிக் கோவையை மூடினார். "நல்லது. முதலையும் எங்கள் பக்கம்தான்" என்றார்.

வேலை தப்பியது, நாவலும் தப்பியது. இரண்டு கிழமை சோமசேகரம் நிம்மதியாகச் சாப்பிட்டார். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நாவல் அச்சில் வந்து இன்ஸ்பெக்டரின் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? அதே ஹெர்மன், அதே மேல்மாடி அறை, அதே முதலை! இனி அதை எந்தக் காலத்திலும் வெளியிட ஏலாது. ஊரில் இதுவரை எழுதியதிலேயே நல்ல சாவை எழுதியவர் அதைப் பானைக்குள் வைத்து மூடவேண்டியதாயிற்று. அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. போதாததற்கு ஆதம்பாவா வேறு கடிதம் போட்டிருந்தார்: 'முதலை சரி. ஆனால் அவரை அந்த ஆற்றுக்கு அனுப்பினவன் ஆரு?' சோமசேகரம் அந்தக் கடிதத்தையும் பானைக்குள் போட்டு மூடினார்.

அப்படிச் சோர்ந்து இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கூப்பன் கடை முஹம்மது தம்பி படலையைத் திறந்துகொண்டு வந்தான். தோளில் ஒரு சாக்கு அரிசி. அதை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு கட்டு வெள்ளைக் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தான். பின்பக்கமும் வெறுமையான, நல்ல புதுக் கடதாசி.

"என்னடாப்பா இது?"

"விதானையார் தந்து விட்டவர் ஐயா. உங்கட வாக்குமூலத்தை வாசிச்சுப்போட்டு மனுசன் ஆடிப்போனார்."

சோமசேகரத்தின் முகம் மலர்ந்தது. கடைசியில் ஊரிலும் ஒரு ரசிகர்! "அப்பிடியோ? என்ன சொன்னவர்?"

முஹம்மது தம்பி படலைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, மடித்த ஒரு பட்டியலை நீட்டிக் குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்த மாதம் கொழும்பில இருந்து லிஸ்ட் பாக்க வாறாங்களாம் ஐயா, உங்கட ஹெர்மன் துரை மாதிரி ஆக்கள் விதானையார்ட லிஸ்டில இன்னும் பதினெட்டுப் பேர் இருக்காங்க, ஆளுக்கொரு சாவு எழுதித் தரட்டாம், ஆனா முதலை மட்டும் இனி வேணாமாம்."