எல்லோரையும் ‘போ’ என்ற மேயர்

பார்க்கிறவரையெல்லாம் ‘போ, போ’ என்று சொல்லியே தன் பக்கம் இழுத்துக்கொண்ட அரசியல்வாதி இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் மேயர். உடனே ஓசூர் மேயர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் பிலிப்பைன்ஸ்காரர். அங்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்கு மேயராக இருந்து, இப்போது அந்த நாட்டின் எம்.பி. ஆகியிருப்பவர். அவருடைய முழுப்பெயர் ரயில் மாதிரி. மூன்றாவது பெட்டிக்கு மேல் எங்களில் யாரும் ஏறியதில்லை. அதனால் ஓசூரில் இருந்த நாளெல்லாம் அவர் வெறும் மேயர்.

நான் பாஷா பாய் ஷெட்டில் சூப்பர்வைசர். ஆட்டோவுக்கு பாடி கட்டுகிற வேலை. பல வருஷமாக எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி, இனி எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டது. பதினாலு பேரும் பெருக்கின தரையையே பெருக்கிக்கொண்டிருந்தோம். பாய் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, “இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு ஆர்டர் வரலைன்னா, பைப் வளைக்கிற மெஷினைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்பா. பெங்களூர்ல ஒரு ஆளு கேட்டுக்கிட்டே இருக்கான்” என்றார். அந்த மெஷின் போனால் ஷெட்டே போன மாதிரி. சொல்லிவிட்டு பாய் ஆர்டர் தேடிக் கிளம்பினார். கிருஷ்ணகிரி, பெங்களூர், சேலம் என்று மனிதர் ஷெட்டில் கால் வைப்பதே அபூர்வமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மேயர் வந்தார். அவருடைய ஊர் ஆட்டோக்காரர்கள் சங்கம் பேட்டரி வண்டிக்கு மாறுகிறதாம். எந்த பாடி கடல் காற்றுக்குத் தாங்கும் என்று இவர் பார்த்துச் சொன்னால், சங்கம் அதையே வாங்கும். ஒரு பெரிய கம்பெனியில் ஏ.சி. அறையில் உட்காரவைத்து படம் படமாகக் காட்டியிருக்கிறார்கள். பத்தாவது படத்தில் இவர் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து தெருவுக்கே வந்துவிட்டார். எங்கள் கிரைண்டர் சத்தம் கேட்டு நேராக உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தார். வெல்டர் முனிராஜ் கையுறையைக் கழற்றுவதற்குள் கையுறைக்கே கை கொடுத்தார். “குட் மார்னிங் போ!”

முனிராஜ் என்னைப் பார்த்தான். “என்னாண்ணா இது, வந்ததும் வராததுமா நம்ம ஷெட்டுல நின்னுக்கிட்டு நம்மளையே போங்கறான்?”

டீ கொண்டுவந்த மாரக்காவுக்கு, “தேங்க்யூ போ.”

“எங்க போறது? டம்ளரை யார் எடுத்துக்கினு போவாங்க? குடிச்சிட்டுக் குடுக்கச் சொல்லு அந்தாள!” என்று மாரக்கா இடுப்பில் கை வைத்து அங்கேயே நின்றுவிட்டது.

வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். அவரையும் போகச் சொன்னார். வாட்ச்மேன் வீட்டுக்கே போய்விட்டார்.

மறுநாள் நானே கேட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஃபேக்டரி இங்கிலீஷ். அவருக்கும் அது போதுமாக இருந்தது. மேயர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் பாஷையில் ‘போ’ என்றால் மரியாதையாம். மதிப்புள்ளவர்களிடம் பேசினால் கடைசியில் ஒரு போ போட்டே ஆகவேண்டும். நம்மூர் ‘ங்க’ மாதிரி. நம் ‘ஆமாங்க’ அங்கே ‘ஓபோ’. விஷயம் பரவியதும் ஷெட்டில் எல்லோரும் எல்லோருக்கும் போ போட ஆரம்பித்தார்கள். “அண்ணா போ, லீவு வேணும் போ” என்றான் முனிராஜ். “போடா” என்றேன். அதில் எது எந்த பாஷை என்று எனக்கே தெரியவில்லை.

அதன்பிறகு மேயர் தினமும் வந்தார். டீ நேரத்தில் தன் கதையைச் சொல்வார். அப்பா மீன் விற்றவர். இவர் ஆட்டோ ஓட்டியவர். ஏறுகிறவர்களிடம் பேசிப் பேசியே ஊரில் யார் வீட்டில் யாருக்கு சர்க்கரை, யார் மகளுக்கு எங்கே வரன் என்பதெல்லாம் மனப்பாடம். “வேற ஒண்ணும் தெரியாது, அதை வெச்சே மேயர் ஆயிட்டேன்” என்பார். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் மேயராக இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

“அப்ப நாலாவது தடவை?” என்றான் முனிராஜ்.

“என் மனைவி நின்றாள்.”

முனிராஜ் தொடையில் தட்டினான். “அய்யோ தேவ்ரே! எங்க வார்டுலயும் இதே கதைதான் சார்! லேடீஸ் வார்டு ஆனதும் வீட்டுக்காரம்மாவ நிறுத்திட்டு, இவுரு பக்கத்து சீட்டுல உக்காந்துக்குவாரு!”

“நீங்களும் அப்படி உட்கார்ந்தீர்களா?” என்று நான் கேட்டேன்.

“விடவில்லையே!” என்றார் மேயர் சோகமாக. “வீட்டுக்குப் போய் மீனைக் கழுவு என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் எம்.பி. ஆனேன்.”

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. பந்தலைக் கண்டால் உள்ளே போய்விடுவார். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மறந்துவிடுவார்கள், சாவுக்குப் போகாவிட்டால் மறக்கவே மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அவர் ஊரில் தெருவில் பந்தல் போட்டிருந்தால் பெரும்பாலும் துக்க வீடாம். கெலவரப்பள்ளி அணையைப் பார்க்க அவரை வண்டியில் அழைத்துப் போனபோது வழியில் ஒரு பந்தல். நிறுத்து என்றார். நான் நிறுத்துவதற்குள் இறங்கி, முகத்தைத் தொங்கப்போட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நுழைந்துவிட்டார். உள்ளே காதுகுத்து. மாமன் மடியில் மொட்டைத்தலைக் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மேயர் அதன் அருகில் மண்டியிட்டு, கண் கலங்க, “தைரியமாக இரு” என்றார். அந்த வீட்டார் உருகிவிட்டார்கள். முதல் பந்தியில் உட்காரவைத்து மட்டன் பிரியாணி போட்டார்கள். மூன்றாவது வாயில் என் காதருகே வந்து, “இறந்தது யார்?” என்றார்.

“யாரும் சாகலை போ” என்றேன்.

“நல்லதாகப் போயிற்று” என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

மாசக் கடைசி வந்தது. மறுநாள் மேயருக்கு விமானம். நாங்கள் ராப்பகலாக சாம்பிளுக்கு ஒரு பாடி கட்டி, நாலு கோட்டிங் அடித்து நிறுத்தியிருந்தோம். அவர் அதன்மேல் ஏறிக் குதித்தார், படுத்துப் பார்த்தார், நக்கிக்கூடப் பார்த்தார். ஆர்டர் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை. மதியம் பாஷா பாய் வந்தார். இருவரும் சந்திப்பது அதுதான் முதல் தடவை. ‘போ’ விஷயத்தை மாரக்காவுக்குச் சொல்லியிருந்தோம், வாட்ச்மேனுக்குச் சொல்லியிருந்தோம், எதிர் பெட்டிக்கடைக்குக்கூடச் சொல்லியிருந்தோம். முதலாளிக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

நான் பிரியாணி வாங்கப் போயிருந்தேன். முனிராஜ் வெல்டிங் முகமூடிக்குள் இருந்தான். நான் திரும்பி வந்தபோது பாயைக் காணோம். மேயர் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றார். “மிகவும் அடக்கமான மனிதர். ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்” என்றார்.

பாய் போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு டெம்போ வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து பாய் இறங்கினார். பின்னால் நாலு லோடுமேன்கள். பாய் யார் முகத்தையும் பார்க்காமல் மெஷினைக் கை காட்டினார்.

“பாய், என்ன பண்றீங்க?”

“முடிஞ்சிடுச்சுப்பா. ஆர்டர் எங்களுக்குத்தானான்னு கேட்டேன். எழுந்திரிச்சார். என் கைய எடுத்து நெத்தியில வெச்சு மன்னிப்புக் கேட்டார். அப்புறம், ‘ஓ போ, ஓ போ’ன்னுட்டார். ரெண்டு தடவை. அதுக்கு மேல என்ன நிக்கிறது?”

பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் வைப்பது அவர்கள் ஊரில் ஆசீர்வாதம் வாங்குவது. பாயின் வெள்ளைத் தாடிக்கு அந்த மரியாதை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முனிராஜ்தான் கத்தினான்: “பாய்! அது போ இல்ல பாய், ஆமாங்க! ஆமாங்க, ஆமாங்கன்னு சொல்லிருக்காரு!”

“என்னைத் தேத்துறீங்களாடா?” என்றார் பாய். “டேய், தூக்குங்கடா” என்று லோடுமேன்களிடம் திரும்பினார்.

மெஷின் பைப்புகளின்மேல் உருண்டு வாசல்வரை வந்துவிட்டது. ஆபீஸ் அறையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேயர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். டெம்போவைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். ஆர்டர் கிடைத்த கையோடு பாய் புது மெஷின் வாங்கி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டு, டெம்போ பக்கம் போய் நின்று, மெஷினில் தோளைக் கொடுத்து ஷெட்டுக்குள் தள்ளத் தொடங்கினார். உள்ளேயிருந்து நாலு பேர் வெளியே தள்ளுகிறார்கள். வெளியேயிருந்து ஒரு நாட்டின் எம்.பி. உள்ளே தள்ளுகிறார். “சிகே போ! சிகே போ!” என்று, அதாவது ‘நடக்கட்டும்ங்க’ என்று, லோடுமேன்களுக்கு உற்சாகம் வேறு.

அவர்களில் மூத்தவர் கையை எடுத்துவிட்டார். “யோவ், என்னாய்யா இது? பெரிய மனுஷன் போ போன்னு தொரத்துறாரு, நீங்க தூக்குங்கறீங்க. மொதல்ல உங்களுக்குள்ள பேசி முடிங்க” என்று பீடி பற்றவைத்துக்கொண்டு ஓரமாகப் போனார். மற்ற மூவரும் அவர் பின்னாலேயே போனார்கள். மெஷின் மெதுவாக உள்ளே உருண்டது.

நான் மேயரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வியர்வையோடு பாய் எதிரில் போய் நின்று, இந்த முறை போ இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: “ஆர்டர். உங்களுக்கு. ஆமாம்.”

பாஷா பாய் மெஷினைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். “யா அல்லா” என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவர் பதினாலு பேருக்கும் சேர்த்து விட்ட மூச்சு அது. மாரக்கா ஓடிவந்து அவர் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பாடிகள் சென்னை துறைமுகம் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அடுத்த லாட் ஓடிக்கொண்டிருக்கிறது. முனிராஜ் கெலவரப்பள்ளிப் பக்கம் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறான். பக்கத்து சீட்டுக்காரரைத் தெரியுமே தவிர, அவனுக்கு வார்டு கவுன்சிலர் பெயர் தெரியாது. ஓட்டுப்போடும் நாளை மட்டன் எடுக்கும் நாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தவன். மேயர் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார் என்று தெரிந்ததிலிருந்து, வெல்டிங் முகமூடியைத் தூக்கித் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்கிறான்:

“அண்ணா, நம்மாளு ஜெயிச்சிருவாருல்ல?”