இரண்டு கார், ஒரு கண்ணாடி

புனே நகரத்தில் காருக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போன ஒரே மனிதர் எங்கள் நாலாம் நம்பர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்தால் கொடி பிடித்து ஊர்வலம் போகிற ஊர் இது. ஸ்கூட்டரில் போகிறவர்களே அதை முழங்கையில் மாட்டிக்கொண்டுதான் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நாலு சக்கர வண்டிக்குள் உட்கார்ந்து, சீட் பெல்ட்டும் போட்டு, ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு போனால் போக்குவரத்துப் போலீஸ்காரர்தான் என்ன செய்வார்? சல்யூட் அடித்தார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், கண்ணால் பார்த்தேன்.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி சரோஜாக்கா. அவருக்கும் ஒரு ஹெல்மெட். மல்லிகைச் சரம் நசுங்கக் கூடாதென்று அதைப் பின்னலின் நுனியில் கட்டி முன்னால் போட்டுக்கொள்வார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினால் கேட்காதே என்று அக்கா கத்துவார். கத்தினாலும் கேட்காததால் இவர் "என்ன அம்மிணி?" என்று அதைவிடப் பெரிதாகக் கத்துவார். புருஷனும் பெண்டாட்டியும் நடுரோட்டில் அடித்துக்கொள்கிறார்கள் என்று எங்கள் பேட்டையான சாங்வியில் பாதிப் பேர் நினைத்திருக்கிறார்கள். விசாரித்தால் கொத்தமல்லி வாங்க மறந்த விவகாரமாக இருக்கும்.

ஹெல்மெட் எதற்கென்றால், காருக்கு முன்கண்ணாடி கிடையாது. வருடத்தில் ஆறு மாதம் கிடையாது என்று சொல்வதுதான் சரி. அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் கார்.

அதன் பெயர் வேகவதி. நீங்கள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. புனேயை ஒட்டிய போசரி பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு எஞ்சினியர் நண்பர்கள், வேலையை விட்டுவிட்டு, இந்தியாவுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தருவது என்று கிளம்பினார்கள். இரண்டே இருக்கை, ஃபைபர் உடம்பு, இடுப்பு உயரம். இந்தியா கேட்கவில்லை என்பது அவர்களுக்கு ஒன்பதாவது காரில்தான் உறைத்தது. கொட்டகையைப் பூட்டிவிட்டு ஒருவர் வெளிநாடு போனார், இன்னொருவர் மாமனாரின் ரைஸ் மில்லுக்குப் போனார். அந்த ஒன்பதில் நாலாவது கார் இவருடையது. மனிதருக்கும் அதுவே பெயராகிவிட்டது. போன் எடுத்தால் "நாலு பேசறனுங்க" என்பார். லெட்டர் பாக்ஸில் இருக்கிற அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும்தான் படித்திருப்பார்.

கோயம்புத்தூர்க்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"முப்பது வருசம் போல்ட்டும் நட்டுமா வரைஞ்சவனுங்க நானு" என்பார். "அந்தக் கொட்டாய்ல அந்த முன்பக்க வளைவப் பாத்தேன் பாருங், அன்னிக்குப் புடிச்ச கிறுக்கு, இன்னும் தெளியலீங்க தம்பி."

பெயரில் இருந்த வேகம் வண்டியில் இல்லை. அதன் வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரம். வேகத்தடை கண்டால் அதற்கு ஆகாது. சாங்வியிலிருந்து பக்கத்துப் பேட்டையான ஔந்துக்கு வேகத்தடையே இல்லாத ஒரு பாதையை அவர் வரைபடத் தாளில் வரைந்து வைத்திருந்தார். நடந்து போனால் அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரலாம். சிக்னலில் நின்றால் தெருநாய் நேருக்கு நேர் முகத்தைப் பார்க்கும். முன்விளக்குகள் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும் ரகம். இடது விளக்கு உடனே எழும், வலது விளக்கு யோசிக்கும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி வீட்டம்மாளைப் பார்த்து ஒரு சாயங்காலம் வண்டி இப்படி ஒற்றைக் கண் அடித்துவிட, நாலாம் நம்பர் மூன்றாவது மாடி ஏறி மராத்தியில் மன்னிப்புக் கேட்டார். அவருடைய மராத்தியைப் புரிந்துகொள்ள அவர்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் டீ வந்துவிட்டதால் சமாதானமாகிவிட்டது.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கிரிக்கெட் பந்து இவருடைய முன்கண்ணாடியை உடைத்தது. அதே வருடம் கோல்ஹாபூரில் இருந்த ஏழாம் நம்பர் காரின் கண்ணாடி மேல் ஒரு மாமரக் கிளை விழுந்தது. கொட்டகை மூடியபோது மிஞ்சிய உபரிக் கண்ணாடி உலகத்திலேயே ஒன்றுதான். புதிதாகச் செய்யலாமே என்பீர்கள். கண்ணாடிக் கம்பெனியில் கேட்டார்கள். "இருநூறு எடுத்தால் செய்து தருகிறோம்" என்று பதில் வந்தது. பிளாஸ்டிக் தகடு போட்டுப் பார்த்தார்கள். ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் அதை நகத்தால் தட்டிவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆறு மாதம் சாங்வி, ஆறு மாதம் கோல்ஹாபூர். மழைக்காலம் யாருக்கு என்பதில்தான் கொஞ்சம் முறைப்பு. அதையும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்று தீர்த்துக்கொண்டார்கள்.

மாற்றும் நாளில் இருவரும் பஸ்ஸில் கிளம்பிப் பாதி வழியில் சாத்தாரா பஸ் ஸ்டாண்டில் சந்திப்பார்கள். கண்ணாடிக்கு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை ஒன்றைச் சுற்றி, ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்து, இவர் பக்கத்தில் கையால் அணைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"ஹே காய் ஆஹே காகா?" என்று இது என்னவென்று விசாரித்தார் கண்டக்டர்.

"கண்ணாடிங்க. காருக்கு."

"சீட்டில் உட்கார்ந்தால் டிக்கெட்" என்றார் கண்டக்டர் மராத்தியில்.

நாலாம் நம்பர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, "வயசு முப்பதுக்கு மேலங்க, முழு டிக்கெட்டே குடுத்துருங்க" என்றார். அதற்கப்புறம் எந்தப் பஸ்ஸிலும் கண்டக்டர் கேட்பதற்கு முன்னால் இவரே கண்ணாடிக்கும் சேர்த்து டிக்கெட் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோல்ஹாபூர்க்காரர் காலமாகிவிட்டார். அவர் மனைவி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை சைக்கிளைக்கூடத் தொட்டதில்லையாம். காரியங்கள் முடிந்த மறுமாதம் டிரைவிங் பள்ளியில் சேர்ந்துவிட்டார். லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கு இவருக்குத்தான் முதல் போன். "நாலு, நான் ஏழு பேசுகிறேன்" என்றாராம்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நான் அப்போது எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் இணைச் செயலாளர். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் செத்துப்போன மாருதி வேன் ஒன்று கிடந்தது, அதில் புறாக்கள் மூன்று தலைமுறை பார்த்துவிட்டன. கூடவே துருப்பிடித்த ஸ்கூட்டர்கள். பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டேன். செல்லுபடியாகும் பதிவுச் சான்று இல்லாத வண்டிகள் மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டியே காயலான் கடைக்காரரைக் கூப்பிடும். முதலில் கை தூக்கியவர் நாலாம் நம்பர். "புறா எச்சம் பூராவும் என் வண்டி மேலதானுங்க" என்றார். நோட்டீஸை நானே டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பழைய கார்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நாலும் ஏழும் ஒரே வாரத்தில் விற்ற வண்டிகள், அதனால் கெடுவும் ஒரே வாரம். வழக்கமாகக் கண்ணாடி முதலில் இங்கே வரும், இன்ஸ்பெக்டர் பார்ப்பார், கழற்றி அங்கே போகும். இந்தத் தடவையும் டீச்சர் சாத்தாரா வரை கொண்டுவந்து கொடுத்தார். இவர் வீட்டுக்கு வந்து ரஜாயைப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

போனேன். கூடத்தில் சோஃபாவில் கண்ணாடி சாய்ந்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ் மூலையில் நகத்தளவுக்கு ஒரு கீறல்.

"இத்தன வருசம் மாட்டிக் கழட்டி, மாட்டிக் கழட்டி, ஓரம் தாங்கலீங்க" என்றார். "இன்னொருக்கா மாட்டலாமுங்க. சோப்புத் தண்ணி போட்டு, ரப்பருக்குள்ள கயிறு குடுத்துப் பதமா உக்கார வச்சா உக்காந்துக்கும். ஆனாக் கழட்டுனா உடைஞ்சுரும். இனி எந்த வண்டிக்குப் போகுதோ, அந்த வண்டிக்குத்தான்."

"வியாழக்கிழமை உங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கே சார்" என்றேன்.

"இருக்குதுங்க."

"அப்போ உங்க வண்டியில மாட்டிடுங்க. நீங்க என்ன, வேணும்னா செஞ்சீங்க? டீச்சர் புரிஞ்சுப்பாங்க."

சரோஜாக்காதான் பேசினார். "அந்த டீச்சரோட கொழுந்தனாருங்க ரெண்டு பேரும் வண்டிய எப்படா தள்ளிவிடலாம்னு நிக்கறாங்களாம் தம்பி. பேப்பர் போச்சுன்னா அடுத்த நாளே தள்ளிருவாங்களாம். போன்ல சொல்லி அழுதாங்க."

"ஏன் அம்மிணி, நாம எத்தன வருசம் ஓட்டிருக்கறோம்?" என்று கேட்டார் இவர்.

"முப்பதுக்கு மேல இருக்குமுங்க."

"அந்தம்மா?"

"ஆறு மாசம்."

"அவ்வளவுதானுங்க தம்பி" என்றார் என்னிடம். ரஜாயைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். அக்கா எழுந்துபோய்க் கயிறு கொண்டுவந்தார். நான் அந்த ரஜாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மடையன் மாதிரி நின்றேன்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் அவரே கொண்டுபோனார், இரண்டு டிக்கெட். தன் கையாலேயே ஏழாம் நம்பரில் பொருத்தினார். கீறலைப் பற்றி டீச்சரிடம் மூச்சு விடவில்லை. "எனக்கு முழங்கால் வலிங்க, இனி இவ்வளவு தாழ்வான வண்டில ஏறி இறங்க முடியாது. கண்ணாடி இங்கயே இருக்கட்டும், கழட்ட வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். டீச்சரின் வண்டி பாஸாகிவிட்டது; கண்ணாடி இல்லாத இவர் வண்டியின் பதிவு முடிந்துபோனது.

மாதக் கடைசி நெருங்கியது. நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். "சார், உங்க வண்டிக்கு மட்டும் விலக்குன்னு ஒரு வரி சேத்துடறேன். செக்ரட்டரி ஒத்துக்கிட்டார்."

"மொதக் கை தூக்குனது நானுங்க தம்பி. புறா வண்டிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமுங்களா?"

"வேற எங்கயாவது நிறுத்தலாம் சார். எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு."

"நிறுத்தி? துருப்புடிக்கறதப் போய்ப் போய்ப் பாத்துட்டு வரவா? அந்த ஒம்பதுல என் வண்டி போக மிச்சம் இருக்கற நாலும் பார்ட்ஸ் இல்லாம நொண்டியடிக்குது. ஸ்பேனர் புடிக்கத் தெரியுமுங்களா உங்களுக்கு?"

தெரியாது. ஆனாலும் பிடித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள், காலையிலிருந்து வெயில் சாயும் வரை அந்த வண்டியைப் பிரித்தோம். அவர் ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் சொல்லிக் கழற்றினார். கதவுகள் நாசிக்குக்கு, கியர்பாக்ஸ் சோலாப்பூருக்கு, யோசிக்கிற விளக்கும் யோசிக்காத விளக்கும் அகமத்நகருக்கு, பிரேக் சாமான்கள் கோல்ஹாபூருக்கு. எல்லாவற்றிலும் கையால் எழுதின சீட்டு. இடையில் எனக்குத் தாங்கவில்லை. "அந்த நோட்டீஸை நான்தானே சார் எழுதினேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "நல்லாத்தானுங்க எழுதிருந்தீங்க, ஒரு எழுத்து தப்பில்லை" என்றார்.

இப்போது அவர்களுக்குச் சொந்த வண்டி இல்லை. எங்கே போவதானாலும் என் கார்தான். முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஔந்து போய்ச் சேர்வதற்குள் ஐம்பது வேகத்தடைகளையும் எண்ணுவார், நான் கிளட்ச் மிதிக்கும் லட்சணத்தைப் பற்றிச் சரோஜாக்காவிடம் முறையிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோல்ஹாபூர் போக வேண்டும் என்பார். ஐந்து மணி நேர ஓட்டம். "எனக்கு வேற வேலையே இல்லையா சார்?" என்று ஒவ்வொரு தடவையும் கத்திவிட்டு, லீவு போட்டுவிட்டுக் கிளம்புவேன்.

அங்கே போனதும் அவர் செய்வது ஒன்றே ஒன்று. டீச்சர் உள்ளே டீ போடப் போன நேரம் பார்த்து, கண்ணாடியைத் துடைப்பது மாதிரி ஏழாம் நம்பர் பக்கம் போய், கீழ் மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பார். கீறல் நகத்தைத் தாண்டியிருக்கிறதா என்று. தாண்டாவிட்டால் அன்றைக்கு இரண்டு டீ குடிப்பார். ஏன் இப்படித் துடைக்கிறார் என்று டீச்சருக்கு இன்னும் தெரியாது.

போன வாரம் போயிருந்தோம். பொய்யாகச் சொன்ன முழங்கால் வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. காரிலிருந்து இறங்க அவருக்கு நேரமாகிறது. சரோஜாக்கா ஒரு பக்கம் கை கொடுத்துக்கொண்டிருந்தார், டீச்சர் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் நாலாம் நம்பரை முந்திக்கொண்டு ஓடிப்போய், குனிந்து, கண்ணாடியின் மூலையில் என் நகத்தை வைத்துப் பார்த்தேன். வளரவில்லை. அங்கிருந்தே அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஒரு கால் காருக்குள், ஒரு கால் தரையில் என்று நின்ற மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதைப் பார்ப்பதற்குத்தான் நான் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டுகிறேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.