லோயர் கேம்ப் சரிவில் நான் அடித்த முளை

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவனை மலையோரத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போகக் கூடாது. என்னைக் கூட்டிப்போனார்கள்.

அப்போது வடக்கே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இளம் பொறியாளன் நான். கரிக்காக வெட்டி இறக்கிய பெரிய மண்சுவர் எப்போது சரியுமோ என்று சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். உச்சியில் விரிசல் கண்டால் அதற்கு இருபுறமும் முளை அடித்து, இடைவெளியைத் தினமும் டேப்பால் அளப்போம். கூடினால் மண் நகர்கிறது, கீழே உள்ளவர்கள் ஓட வேண்டும். அந்தப் புத்தி லீவிலும் என்னை விடவில்லை. (அம்மா சோற்றைக் குவித்து வைத்தால்கூட எந்தப் பக்கம் சரியும் என்று பார்ப்பேன்.)

எங்கள் கம்பம் ஊருக்கு அடுத்த மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் பெண் செல்வியைப் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. ஆனால் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவும், மழைக்குப் பிறகு அதன் மேல் ஓடிய விரிசலும் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் இரண்டு முளை அடித்தேன். மேல்முளை பெண்ணின் அப்பாவுடைய பங்காளி நிலத்தில், கீழ்முளை பெண் வீட்டு நிலத்தில். (அடுத்தவர் நிலத்தில் முளை அடித்தால் என்ன அர்த்தம் என்று கம்பத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?)

தினமும் பஸ் ஏறிப் போய் அளந்தேன். பெண்ணைப் பார்க்க வருகிறான் என்று அந்த வீட்டில் பூரித்துப்போனார்கள். நானோ மேலே வியர்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு சாண் கூடியிருந்தது. சுரங்கத்தில் விரற்கடை கூடினாலே சங்கு ஊதிவிடுவோம்.

நிச்சயத்தன்று காலை ஒரு முழமே கூடிவிட்டது. பந்தலுக்குள் ஓடி, மலை சரியப்போகிறது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று கத்தினேன். சாம்பார் அண்டா, ஆட்டுக்குட்டி, பட்டுச்சேலையில் செல்வி, எல்லாம் ரோட்டுக்கு வந்தன. மலை வரவில்லை, வெயில்தான் வந்தது.

செல்வியின் அப்பா, என் வருங்கால மாமா, என்னோடு மேலே ஏறினார். முளைகளைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நெலத்த அளந்து பாத்துட்டுத்தான் உங்க வீட்ல பொண்ணு எடுப்பாகளோ?"

விரிசல், டேப், சுரங்கம் என்று நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று திரும்பிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அவள் எங்கள் பின்னாலேயே ஏறி வந்திருந்தாள். கீழ்முளைக்கு மேலே வரிசையாகக் கிடந்த வெற்றுக் குழிகளைக் காட்டினாள்.

"மண்ணு சரிஞ்சா குழியும் கூடத்தானப்பா வரும்? யாரோ புடுங்கிப் புடுங்கி நட்டுருக்காக."

நான் டேப்பை மட்டும் பார்த்திருக்கிறேன், தரையைப் பார்க்கவே இல்லை.

ரோட்டில் வடை தின்றுகொண்டிருந்த பங்காளி கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொண்டார். வரப்போகிற மருமகனை விட்டு மாமா ரகசியமாக எல்லை போடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் தன் பங்குக்குக் கீழ்முளையைத் தினமும் கொஞ்சம் இறக்கி நட்டிருக்கிறார்.

நிச்சயம் ஆறிப்போன சாம்பாரோடு சாயங்காலம் நடந்தது. பங்காளி மட்டும் அந்த முளையை விட்டுக்கொடுக்கவில்லை. எஞ்சினியர் மாப்பிள்ளையே அடித்தது என்று ஊரெல்லாம் சொல்லி, அங்கேயே வேலியும் போட்டுவிட்டார். சரிவு இன்றுவரை அசையவில்லை.

இப்போதும் விசேஷ வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால், மாமா பக்கத்து இலைக்காரரை எச்சரிப்பார்: "இலைய நல்லாப் புடிச்சுக்கங்க. மாப்ள பக்கத்துல உக்காந்தாகன்னா நம்ம எடம் கொறஞ்சிரும்."