பூண்டு வயலில் நான் கண்டுபிடித்த வெப்பம்

என் முதல் அறிவியல் கண்டுபிடிப்பு மொத்தம் பதினோரு நாள் உயிரோடு இருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் நடந்த நடை இருக்கிறதே, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வருகிறவர்கள் யாரும் அப்படி நடந்திருக்க மாட்டார்கள். தலை கொஞ்சம் மேலே, பார்வை எங்கோ தூரத்தில். (கழுத்துச் சுளுக்குன்னு நெனச்சு அம்மா ரெண்டு நாள் தைலம் தேய்ச்சு விட்டாங்க.)

அப்போது நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பொறியியல் என்றால் பாஸாக வேண்டும், பாஸானால் வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சி என்பது வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ, கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது. அந்த டிசம்பரில் கல்லூரிப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பொறியியல் மாணவர்களுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று காட்ட, ஜனவரியில் கொடைக்கானலில் மூன்று வார முகாம். ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு, தாங்களே அளந்து பார்த்து, கடைசி நாள் மேடையில் பேச வேண்டும். நன்றாகச் செய்கிற இரண்டு பேருக்குக் கோடையில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் வேலை செய்ய இடம்.

நான் விண்ணப்பித்த காரணம் வேறு. கொடைக்கானல் பஜாரில்தான் அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடை. தைலம், மிளகு, சாக்லேட், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பி. மூன்று வாரம் விடுதிச் சாம்பாரிலிருந்து தப்பித்து வீட்டில் சாப்பிடலாம் என்பதுதான் என் அறிவியல் ஆர்வம்.

ஆனால் முதல் நாளே முகாமை நடத்திய மேடம் ஒரு வார்த்தை சொன்னார். "இது வரைக்கும் உங்ககிட்ட கேட்ட கேள்விக்கெல்லாம் விடை புத்தகத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. இங்க யாருக்குமே விடை தெரியாத கேள்வி ஒண்ணு கொண்டு வாங்க." அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டைக்கூட மறந்தேன். அந்த பெங்களூர் இடம் எனக்கு வேண்டும். வேறு யாருக்கும் போகக் கூடாது.

என் கேள்வி இதுதான். கொடைக்கானல் பக்கத்துக் கவுஞ்சி கிராமத்தில் மலைச் சரிவில் படிப்படியாக வயல். தை மாதம் உறைபனி விழுந்தால் பயிர் கருகும். மேல் படியில் இருக்கிற வயலும் கீழ்ப் படியில் இருக்கிற வயலும் ஒரே மாதிரிதான் குளிருமா? இரண்டு பிளாஸ்டிக் டிபன் டப்பாக்களில் ஓட்டை போட்டு, உள்ளே வெப்பம் அளக்கும் கருவியை நானே சால்டரிங் செய்து வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாகக் குறித்துக்கொள்ளும். ஒன்றை மேல் வயலை ஒட்டிய ரோட்டோரக் கம்பத்தில் கட்டினேன். இன்னொன்றைக் கீழே செல்லத்தாயி அக்காவின் பூண்டு வயலில் ஒரு குச்சியில் மாட்டினேன். அக்காவுக்கு நாற்பது வயசு இருக்கும். பூண்டுக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்.

"இது என்ன பாப்பா, சோத்து டப்பாவக் கொண்டாந்து தொங்க விடுத?" என்றார்.

நான் ஒரு விஞ்ஞானிக்குரிய பொறுமையோடு, "டேட்டா லாகர்க்கா. ரொம்ப விலை கூடின சாமான். பத்திரமாப் பாத்துக்கோங்க" என்றேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் வருங்காலம் மொத்தமும் அடங்கியிருந்தது எனக்குத் தெரியாது.

மூன்று நாளுக்கு ஒரு முறை முதல் பஸ்ஸில் கவுஞ்சி போய், குறித்திருப்பதை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வருவேன். முதல் தடவை கிராப்பைப் போட்டுப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மேல் வயலில் ராத்திரி குளிர்கிறது, சரி. கீழே பூண்டு வயலில் சாயங்காலம் ஆறு மணி ஆனதும் வெப்பம் ஏறுகிறது! மே மாத மதுரை மாதிரி ஏறுகிறது. விடிய விடிய மெல்லக் குறைந்து, காலை ஆறு மணிக்குப் பொத்தென்று விழுகிறது. தினமும் இதே கதை.

யாருக்குமே விடை தெரியாத கேள்வி கேட்டார்கள். நான் கேள்வியே கேட்காமல் விடையைக் கண்டுபிடித்துவிட்டேன். பூண்டு உடம்புக்குச் சூடு என்று எங்கள் வீட்டில் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்தச் சூடு மண்ணிலேயே தொடங்குகிறது! பகல் வெயிலைப் பூண்டு வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் விடுகிறது! இதற்குப் 'பூண்டு விளைவு' என்று பெயர் வைத்தேன். (நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரில் 'ஷமீமா விளைவு' என்று பதினேழு விதமான கையெழுத்தில் எழுதிப் பார்த்தது தனி.)

சில தடயங்கள் கிடைக்கத்தான் செய்தன. டப்பாவில் புகை வாசம் அடித்தது. 'மலை மண்ணின் வாசம்' என்று குறிப்பெழுதினேன். ஒரு முறை மூடியில் சாம்பல் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன். பொங்கல் முடிந்த கையோடு இரண்டு ராத்திரி மட்டும் வெப்பம் ஏறவே இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. என் விளைவுக்கு இது ஒத்துவரவில்லை. எனவே கருவிக் கோளாறு என்று தீர்ப்பு வழங்கி, அந்த இரண்டு ராத்திரியையும் கிராப்பிலிருந்து தூக்கிவிட்டேன்.

இதற்குள் அத்தா பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். "எம் மக பூண்டுல என்னமோ கண்டுபிடிச்சிருக்குப்பா. வெளிநாட்டுக்காரன்கூடக் கண்டுபிடிக்கலையாம்." கடைசி நாள் கடையை அரை நாள் மூடிவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. பைக்குள் ஜரிகை போட்ட சால்வை. மேடையிலேயே எனக்குப் போர்த்துவதாகத் திட்டம்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? செல்லத்தாயி அக்காவை நானே போய் அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தேன். நிலம் கொடுத்து உதவியவருக்கு மேடையிலிருந்து நன்றி சொல்கிற பெருந்தன்மை.

பேச்சு பிரமாதமாகப் போனது. கிராப்பைத் திரையில் போட்டேன். பூண்டு விளைவை விளக்கினேன். மதிப்பிட வந்திருந்த மூன்று நிபுணர்களும் புருவத்தைச் சுருக்கினார்கள். (ஆச்சரியம்னு நெனச்சுக்கிட்டேன்.) அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு நாடக ஆசை வந்துவிட்டது. முதல் வரிசையைப் பார்த்து, மைக்கில் கேட்டேன்.

"செல்லத்தாயி அக்கா, இத்தனை வருஷமா அந்த வயல்ல வேலை பாக்குறீங்க. ராத்திரியானா அந்த எடம் மட்டும் சூடாகுற அதிசயத்த நீங்க கவனிச்சிருக்கீங்களா?"

அக்கா எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். "வயலு எங்க பாப்பா சூடாச்சு? பனி கொட்டுதுல்லா! விலை கூடின சாமான்னு நீதான சொன்ன? ராத்திரி வெளிய கெடந்தா பனியில கெட்டுப் போயிரும்னு நான் தெனமும் பொழுது சாஞ்சதும் எடுத்து எங்க வீட்டு அடுப்படியில வச்சிருவேன். போர்வையும் சுத்தி விடுவேன். காலைல வெள்ளனே கொண்டாந்து மாட்டிருவேன்."

அரங்கத்தில் கூரை இடிந்து விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. பனியை அளக்க வைத்த கருவியைப் பனியிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்! நான் பதினோரு நாளாகத் தலையை உயர்த்தி நடந்தது அவர் வீட்டு அடுப்புச் சூட்டுக்காக. அத்தாவைப் பார்த்தேன். சால்வையைப் பாதி வெளியே எடுத்தவர் அப்படியே உறைந்திருந்தார். பெங்களூர் போயிற்று, பஜார் போயிற்று, இனி திண்டுக்கல்லில் இறங்கிக் கண்காணாத ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு, "ரெண்டே ரெண்டு நாளுதான் பாப்பா எடுத்து வைக்க முடியல. போளூர்ல மக வீட்டுக்குப் போயிட்டேன். அந்த ரெண்டு ராத்திரியும் அது வெளியதான் கெடந்துச்சு. மன்னிச்சுக்கோ" என்றார்.

ரெண்டு ராத்திரி!

"அக்கா, என்னைக்குப் போனீங்க?" என்றேன்.

"மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு."

மேடம் என்னைப் பார்த்து, "இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"ஒரு நிமிஷம் குடுங்க மேடம்" என்றேன். கிராப்பிலிருந்துதான் தூக்கியிருந்தேன், அசல் கோப்பு லேப்டாப்பில் அப்படியே இருந்தது. அந்த இரண்டு ராத்திரியையும் திரும்பப் போட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும். கீழ் வயலின் கோடு சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே கிடந்தது. அதே நேரத்தில் மேல் வயலின் கோடு பூஜ்யத்துக்கு நன்றாக மேலேயே நின்றது.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

"அக்கா, ஊர்ல இருந்து திரும்பி வந்து வயலப் பாத்தீங்களா?"

"பாக்காம? உருளை இலையெல்லாம் கருகிக் கெடந்துச்சு. மேல் வயக்காரனுக்கு ஒரு இலைகூடக் கருகல. எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு அன்னைக்குப் பூராம் பொலம்பினேன்."

நான் மைக்கைப் பிடித்தேன். இந்த முறை தலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "நான் கண்டுபிடிச்சதா சொன்னது அத்தனையும் தப்பு. தப்புன்னு நான் தூக்கிப் போட்ட இந்த ரெண்டு ராத்திரிதான் நெசம். குளிர்ந்த காத்து கனமா இருக்கும், சரிவுல இறங்கிக் கீழ் வயல்ல தேங்கிருது. அதனாலதான் அக்கா வயல் கருகுது, மேல் வயல் கருகலன்னு நெனைக்கிறேன். ஆனா ரெண்டு ராத்திரிய வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. இன்னும் நெறைய ராத்திரி அளக்கணும். டப்பாவ யாரும் எடுத்து உள்ள வைக்காம."

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை அது என்னோடு சேர்ந்த சிரிப்பு. கைதட்டல் நிற்க நேரமாயிற்று. மூன்று நிபுணர்களில் ஒருவர் கேள்வி கேட்கத் தொடங்கி, நான் பதில் சொல்ல, அக்கா திருத்த, எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் அரை மணி நேரம் ஓடியது. அத்தா மேடைக்கு வந்தார். சால்வையை என் தோளுக்கு நேராகக் கொண்டுவந்து, ஒரு கணம் யோசித்து, அப்படியே திரும்பிக் கீழே இறங்கிப் போய் செல்லத்தாயி அக்காவிடம் கொடுத்தார். "நீங்கதாம்மா நெசத்தச் சொன்னீங்க" என்றார். அக்கா அதை அங்கேயே போர்த்திக்கொண்டு, கவுஞ்சி பஸ் ஏறுகிற வரைக்கும் கழற்றவில்லை.

சாயங்காலம் இரண்டு பெயர்களை வாசித்தார்கள். முதல் பெயர் என்னுடையது. "நம்ம பிள்ளை தோத்தே ஜெயிச்சிருச்சு" என்று பக்கத்துக் கடைக்காரர் பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். பெங்களூரில் அந்த இரண்டு மாதம், பிறகு முதுகலை, பிறகு முனைவர் பட்டம், எல்லாமே மலைச் சரிவில் தேங்குகிற குளிரைப் பற்றித்தான். இன்றைக்கு நானே பொறியியல் பிள்ளைகளைக் கவுஞ்சிக்கு அழைத்துப் போகிறேன். கீழ் வயல்காரர்களுக்குப் பனி விழுவதை முந்தின நாளே சொல்லிவிடுகிறோம், அவர்கள் வைக்கோல் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இதெல்லாம் வெளியில்தான். வீட்டில் எனக்கு அந்த மரியாதை கிடையாது. என் நிக்காஹ் டிசம்பரில் நடந்தது. மாப்பிள்ளை பரமக்குடிக்காரர், பிறந்ததிலிருந்து வேர்த்துக்கொண்டே வளர்ந்தவர். கொடைக்கானல் குளிரில் பல் தந்தியடிக்க, மேடையில் நீலமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் அண்ணன், கூட்டத்துக்கு நடுவிலிருந்து சத்தம் போட்டான்.

"ஏலே, மாப்பிள்ளையத் தூக்கி அடுப்படியில வைங்கப்பா! பனியில கெட்டுப் போயிருவாரு!"

விஷயம் தெரியாத மாப்பிள்ளை நன்றியோடு எழுந்தே விட்டார். இன்றைக்கும் பெருநாளுக்கு நாங்கள் கொடைக்கானல் போனால், வாசலிலேயே அம்மா அவரைப் பிடித்து நேராக அடுப்படிக்குக் கூட்டிப் போய், தோளில் ஒரு போர்வையையும் சுற்றிவிடுகிறார். அவரும் மறுப்பதில்லை. அங்கேதான் முதல் வடை கிடைக்கிறதாம்.