வீட்டில் சமைப்பது யார்?

பாளையங்கோட்டை,
வியாழக்கிழமை.

அன்புள்ள சாலோமி அக்காவுக்கு, தம்பி அருமைநாயகம் தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். களக்காட்டில் உன் முழங்காலும் வாழைத்தோட்டமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நிற்க. போன மாதம் ஒருநாள் பொழுது போகாமல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊருக்கும் போகிறவனில்லை, சும்மாதான். அங்கே ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் போட்டிருந்தார்கள். நாற்காலி காலியாயிருந்தது, போய் உட்கார்ந்தேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த முத்துராணி என்ற பெண், நூற்றெழுபது இருக்கிறதே, தலை சுற்றவில்லையா என்றாள். எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றேன். இந்த வியாதியின் குணமே அதுதானாம், சொல்லாமல் கொள்ளாமல் ஏறுமாம். டாக்டர் மாத்திரை எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் சமைப்பது யார் என்று அவள் கேட்டாள். பாக்கியவதி நம்மை விட்டுப் போய் இரண்டு வருஷமாகியும், வாய் தானாக, ‘வீட்டுக்காரி’ என்று சொல்லிவிட்டது.

அடுத்த வாரமே, முகாமில் நான் கொடுத்த விலாசத்தைப் பார்த்து முத்துராணி வாசலில் நிற்கிறாள். உப்பைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்கார அக்காவிடம் பேசவேண்டுமாம், அக்காவுக்கும் பிரஷர் பார்க்கவேண்டுமாம். பாக்கியவதி உன் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். மறுமுறை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அனுப்ப இடமில்லாமல், அவள் நீலச் சேலையை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவைத்தேன், வீட்டில் பெண்ணிருக்கிற அடையாளத்துக்கு. அது காற்றில் ஆடியதைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்நேரம் பார்த்து முத்துராணி வந்து அளந்தால், முன்னைவிட ஏறியிருக்கிறது.

“மாத்திரை தின்னும் ஏறுதே சார். அக்கா உப்பக் கொறைக்கலையோ?”

அவளுக்குக் கை தாராளம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுமுன்னே கண் நிறைந்துவிட்டது. அவள் குழம்பில் ஒருநாளும் உப்புக் கூடினதில்லையே அக்கா, நீயும் தின்றவள்தானே.

“அவ இல்லம்மா. போயிட்டா” என்றேன்.

அவள் ஏசவில்லை. பட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பைய, “அப்போ கருவாடு பொரிக்கது யாரு சார்? தெருமுனை வரைக்கும் வாடை அடிக்கே” என்றாள்.

“நாந்தான். அது இல்லன்னா ஒத்தையில சோறு எறங்கமாட்டேங்கு.”

அன்றோடு கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் போச்சு. உடம்பு நன்றாயிருந்தாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றாள், நிறுத்தவில்லை. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்குதேன். இன்று வந்து பார்த்தாள், நூற்றுநாற்பதுக்கு இறங்கிவிட்டது.

ஆகையால் நீ கவலைப்படவேண்டாம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வரவே வேண்டாம். மகன் எபி சிங்கப்பூரிலிருந்து ஞாயிறுதோறும் போன் பண்ணுதான். தனியா இருக்கது எனக்குப் பழகிப்போச்சு, நல்லாத்தான் இருக்கு.

உன்னையும் தோட்டத்தையும் காற்று மழைக்கு விலக்கி ஆண்டவர் காப்பாராக.

உன் தம்பி,
அருமைநாயகம்

பி.கு.: இன்று புறப்படும்போது, கூட யாராவது வந்து இருக்கமாட்டார்களா என்று முத்துராணி கேட்டாள். எங்க அக்கா வந்திருக்கா, உள்ள தூங்குதா என்று சொல்லிவிட்டேன். தூங்கட்டும், அடுத்த வியாழக்கிழமை வந்து அவர்களுக்கும் பார்க்கிறேன் என்று போயிருக்கிறாள். புதன்கிழமையே வந்திரு அக்கா. கேட்டா, போன வாரத்துலேருந்து இங்கனதான் இருக்கேன்னு சொல்லு.